ப்ரோடரா, ஹாஷெக்கா? 691 வெற்றி மட்டும் போதுமா?

கோல்காவலன்: ஐஸ் ஹாக்கியில் வலையைக் காக்கும் கோலிகளில் முதலிடம் மார்ட்டின் ப்ரோடருக்குத்தான். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் வழக்கமான சீசன்களில் 691 வெற்றி, 125 ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்). இரண்டையும் இன்னும் யாரும் தொடவில்லை. அவருடைய நியூஜெர்சி டெவில்ஸ் அணிக்கு 1995, 2000, 2003 என மூன்று ஸ்டான்லி கோப்பை, அதாவது லீக் சாம்பியன் பட்டம். இன்னும் என்ன வேண்டும்?

நீலக்கோடு: வெற்றி அணியின் கணக்கு. கோலியின் கணக்கு அவர் தடுத்த ஷாட். செக் கோலி டொமினிக் ஹாஷெக் தடுத்தது 92.2 சதவீதம், ப்ரோடர் 91.2. ஒன்றுதானே வித்தியாசம் என்று சிரிக்காதீர்கள். சீசனுக்கு 2,000 ஷாட் வந்தால் அந்த ஒன்று 20 கோல். ப்ரோடருக்கு முன்னால் ஸ்காட் ஸ்டீவன்ஸ், நீடர்மேயர் மாதிரி பெரிய தடுப்பாட்டக்காரர்கள் நின்றார்கள். பஃபலோ அணியில் ஹாஷெக்குக்கு முன்னால் அப்படி யார் இருந்தார்கள்? இருந்தும் 1997, 1998 இரண்டு வருடமும் லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருது அவருக்குத்தான். வேறு எந்தக் கோலியும் அதை இரண்டு முறை வாங்கியதில்லை.

கோல்காவலன்: அந்தச் சதவீதத்தில் சிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ப்ரோடர் வலைக்குப் பின்னால் போய், எதிரணி வந்து சேரும் முன் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) எடுத்துத் தன் ஆளுக்குத் தள்ளிவிடுவார். ஷாட் அடிக்கவே வாய்ப்பு வராது. அடிக்காத ஷாட்டை யார் எண்ணினார்கள்? 2005இல் வலைக்குப் பின்னால் கோடு போட்டு, இரண்டு மூலைகளிலும் கோலி பக்கைத் தொடக் கூடாது என்று விதியே கொண்டுவந்தார்கள். ‘ப்ரோடர் விதி’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

மூன்றாம்பீரியட்: இரண்டு பேரும் நாகானோ ஒலிம்பிக்கை விட்டுவிட்டீர்களே! 1998இல் அங்கே நடந்த அரையிறுதியில், ஒவ்வொருவராக வந்து கோலியை நேருக்கு நேர் சந்திக்கும் ஷூட்அவுட்டில் கனடாவின் ஐந்து பேரையும் ஹாஷெக் நிறுத்தினார். (கனடா தன் நட்சத்திரம் கிரெட்ஸ்கியை அனுப்பாமல் உட்கார வைத்தது தனிக் கூத்து.) இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவுக்கும் ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை.

கோல்காவலன்: ஒரு தொடரை வைத்து ஒருவரின் முழுக் காலத்தையும் அளப்பீர்களா? 70 ஆட்டத்துக்குக் குறையாமல் ப்ரோடர் ஆடிய சீசன்கள் 12. ஹாஷெக்?

நீலக்கோடு: செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அவர் வந்ததே 25 வயதில். சீசனின் சிறந்த கோலிக்கான வெசினா விருது முதன்முதலில் 1994இல், 29 வயதில். அப்புறம் இன்னும் ஐந்து. ப்ரோடருக்கு மொத்தமே நான்கு.

கோல்காவலன்: நான்கு ‘மொத்தமே’வா? சரி, கோப்பைக்கு வருவோம். ஹாஷெக்கின் இரண்டில் ஒன்று 2008 டெட்ராய்ட். கோப்பைக்கான அந்த ப்ளேஆஃபில் முதல் சுற்றிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு இன்னொரு கோலியான ஆஸ்குட்டை இறக்கினார்கள். அதையும் சேர்த்தா எண்ணுகிறீர்கள்?