புதுப்பிப்பு: அம்மாவுக்கு உணவுக்குழாய் விரிப்பு, மூன்றாவது முறையும் முடிந்தது

"அம்மாவுக்கு இட்லிகூட நெஞ்சிலேயே நிற்கிறது, பலூன் வைத்து விரிக்கணும் என்கிறார்கள், பயமா இருக்கு" என்று இரண்டு மாதம் முன்னால் எழுதியிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பயாப்ஸியில் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) புற்று இல்லை. பல வருஷ நெஞ்செரிச்சல்தான் காரணம். மேலேறி வந்த அமிலம் புண்ணாக்கி, புண் ஆறிய தழும்பு குழாயை இறுக்கிவிட்டது.

முதல் தடவை 10 மி.மீ. பலூன். எண்டோஸ்கோப் (வாய்க்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக இறக்கி, இறுகின இடத்தில் தண்ணீர் செலுத்தி விரித்து, ஒரு நிமிஷம் போல வைத்து எடுத்தார்கள். ஒரே நாளில் முழுசா விரிக்கக் கூடாதா என்று அவசரப்பட்டது நான். அப்படிச் செய்தால் குழாய் கிழியும் அபாயம் கூடும் என்றார் டாக்டர். அடுத்து 12, இப்போது 15.

வீட்டுக்கு வந்தபின் கடுமையான நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம் எது வந்தாலும் உடனே ஓடி வரச் சொன்னார்கள். முதல் ராத்திரி நான் தூங்கவே இல்லை. அம்மாவுக்குத் தொண்டைக் கரகரப்பு மட்டும்தான்.

அமிலத்தை அடக்கும் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. அமிலம் அடங்காவிட்டால் மறுபடி சுருங்குமாம்.

நேற்று தோசை. முதல் வாய்க்கு நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தார். மூன்றாவது வாயில் அந்தக் கை சட்னிக் கிண்ணத்துக்குப் போய்விட்டது.