இன்சுலின் தொடங்கத் தடையாக நின்றது எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குடும்ப மருத்துவர்:

பல ஆண்டுகளாக என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். மூன்று வகை மாத்திரைகளை முழு அளவில் போட்டும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 9.8 சதவீதத்தில் நின்றது. "ஐயா, இனி இன்சுலின் தொடங்கலாம்" என்றேன். மேசைமேல் இருந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "மூன்று மாதம் கொடுங்கள் டாக்டர், நடைப்பயிற்சியைக் கூட்டுகிறேன்."

சரி என்றேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். ஊசி போடக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரமாவது வேண்டும். அவர் மறுத்தது எனக்கும் வசதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மூன்று மாதம் ஒன்றரை ஆண்டாக நீண்டது. அதற்குள் விழித்திரையில் பாதிப்பு தொடங்கிவிட்டது.

அப்போதுதான் உட்காரவைத்துக் கேட்டேன், ஊசியில் என்ன பயம் என்று. "வலிக்கு நான் பயப்படவில்லை டாக்டர். வாயைக் கட்டாவிட்டால் ஊசியில்தான் கொண்டுபோய் விடும் என்று நீங்கள்தானே ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள்? நான் வாயைக் கட்டித்தான் இருந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. மருந்தைத் தண்டனையாக்கி அவர் மனத்தில் ஊன்றியவன் நான். உண்மையில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் செயல்திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும், பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் என்று பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு காட்டியிருக்கிறது. எவ்வளவு ஒழுங்காக இருப்பவருக்கும் ஒருநாள் இன்சுலின் தேவைப்படலாம். இப்போதெல்லாம் நோய் கண்ட முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

செவிலியர்:

டாக்டர் சொன்ன அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கும் சொல்ல இருக்கிறது. ஓர் அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கி மூன்று வாரமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. அளவை இரண்டு முறை கூட்டியாயிற்று. "இந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரையே போதும்" என்று வந்து நின்றார். என் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னேன். இன்சுலின் பேனாவில் ஊசியைத் திருகினார், வெளி மூடியைக் கழற்றினார், வயிற்றில் வைத்து அழுத்தினார், பத்து வரை எண்ணினார். எல்லாம் சரி. ஆனால் ஊசிமேல் இருந்த மெல்லிய உள் மூடியைக் கழற்றவே இல்லை. மூன்று வாரமாக ஒரு துளி மருந்தும் உடம்புக்குள் போகவில்லை.

மூடியைக் கழற்றி, 4 மில்லிமீட்டர் ஊசியை முதன்முதலாகப் பார்த்ததும், "இவ்வளவுதானா?" என்றார். கூட்டிய அளவை உடனே பழையபடி குறைத்தோம். இல்லையென்றால் அன்றிரவே தாழ்சர்க்கரை வந்திருக்கும்.

இரவுப் பணியாளர்:

என் தடை சின்னது. வேலையிடத்தில் எல்லோர் முன்னாலும் ஊசி போட வேண்டியிருக்குமோ என்று இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டேன். நாளுக்கு ஒரே வேளை, வீட்டிலேயே போடும் வகை உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை.

மகள்:

என் பெரியம்மாவுக்கு இன்சுலின் தொடங்கிய நான்கே மாதத்தில் காலை எடுத்தார்கள். அதனால் அம்மா அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்க விடமாட்டார். புதிதாகப் பார்த்த மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊசி தொடங்கும்போதே அக்காவுக்குக் காலில் புண் இருந்ததா?" அம்மா நெடுநேரம் யோசித்து, "இருந்தது. ஊசிக்குப் பயந்துதான் அக்கா டாக்டரிடமே போகாமல் இருந்தாள்" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக விளக்கியும் அசையாத மனம் அங்கேதான் இளகியது.

இரவில் 10 யூனிட்டில் தொடங்கினார்கள். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து மூன்று நாளுக்கொருமுறை இரண்டிரண்டாகக் கூட்டச் சொன்னார்கள். ஐந்தாவது வாரம் ஒரு விடியற்காலை, அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி விரல்கள் நடுங்கின. மீட்டரில் 62. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 94. மருத்துவரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார். இப்படி வரலாம், வந்தால் இதைச் செய்யுங்கள் என்று முதல் நாளே சொல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கே ஊசியைத் தூக்கி எறிந்திருப்போம்.

குடும்ப மருத்துவர்:

சிஸ்டர், அளவைக் கூட்டியும் இறங்காதவர்கள் என்னிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். பேனாவோடு நாளை வரச் சொல்லியிருக்கிறேன். என் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டட்டும்.