பருவத்தின் நடுவில் 9 நாள் லீவு: தூக்கமும் வாய்ப்பாடும் கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
மகளுக்கு 10 வயது. சனி, ஞாயிறு சேர்த்து 9 நாள் லீவு வருகிறது. பள்ளி நாளில் காலை 6:30-க்கு எழுவாள்; லீவு என்றால் 9 மணி. பள்ளி திறக்கும் அன்று எழுப்புவதே பெரும்பாடு. 7, 8-ஆம் வாய்ப்பாடும் மறந்துவிடுகிறது. கடைசி ஞாயிறு உட்கார வைத்தால் அழுகைதான். எப்படித் திட்டமிடுவது?

பதில் 1:
எழும் நேரத்தைப் பிடிங்க, படுக்கும் நேரம் தானாகச் சரியாகும். உடல் கடிகாரத்தின் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தள்ளிப்போவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். 7:30-ஐத் தாண்ட விடாதீங்க. தாண்டிவிட்டால் ஞாயிறு ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காமல், புதனிலிருந்தே அரை மணி அரை மணியாகக் குறைங்க: புதன் 8:30, வியாழன் 8, வெள்ளி 7:30, சனி 7, ஞாயிறு 6:30. எழுந்ததும் வெளிச்சத்தில் 20 நிமிடம் நடக்க விடுங்க. கடிகாரத்தை முன்னால் நகர்த்துவது காலை வெளிச்சம்தான். தூக்கம் வராத பிள்ளையை இரவு 8 மணிக்கே படுக்கப் போட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

பதில் 2:
வாய்ப்பாட்டுக்கு மூன்று நாள் போதும்: முதல் ஞாயிறு, செவ்வாய், வெள்ளி. ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் நினைவாற்றல் பற்றி 1885-இல் வெளியிட்ட சோதனைகளிலேயே இது தெரிகிறது: மறதி முதல் நாளில்தான் வேகம், பிறகு மெதுவாகிறது. அதனால் முதல் திருப்புதலைத் தள்ளிப் போடாதீங்க.

வரிசையாக ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டதும் உதடு அசைந்து ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பித்தால், பாட்டுதான் தெரிகிறது, விடை தெரியவில்லை என்று அர்த்தம். 20 சீட்டுகளில் கேள்வியை எழுதிக் கலைத்துப் போடுங்க. தப்பானவற்றை மட்டும் தனியே வைத்து அடுத்த முறை அவற்றிலிருந்து தொடங்குங்க.

பதில் 3:
லீவு தொடங்கும் வெள்ளி மாலையே பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்க. சாப்பாட்டு டப்பா, வியர்வைச் சட்டை, அடியில் கசங்கிக் கிடக்கும் சுற்றறிக்கை எல்லாம் அங்கேதான் இருக்கும். தண்ணீர் பாட்டில் மூடியிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, மூடாமல் காய வைங்க. ஈரத்தோடு மூடி வைத்தால் வளையத்துக்கு அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். செயல்திட்டம் ஏதாவது இருந்தால் தேவையான பொருள்களை அன்றே குறித்துக்கொள்ளுங்க.

கேட்டவர்:
நன்றி. ஆனால் பிள்ளை களைத்துப்போயிருக்கிறாள். முதல் சனிக்கிழமை மட்டும் தூங்கட்டுமா?

பதில் 1:
தூங்கட்டும், ஆனால் முந்தின இரவே. வெள்ளி இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வைங்க. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அப்படியும் சோர்வு தெரிந்தால் மதியம் 3 மணிக்குள் 20 நிமிடம் கண்ணசரட்டும்.