மைஃபையில் சிக்னல் முழுதாக இருக்கிறது, நெட் வரவில்லை. அவசரம்!

புதுவரவு_டர்பன் | டிசம்பர் 18, மாலை 6.40
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு நான் புதிது. மைஃபையில் (சிம் போட்டால் வைஃபை தரும் சிறு பெட்டி) நெட் வரவில்லை. சிக்னல் ஃபுல். டேட்டாவும் இருக்கிறது. ஃபோன், லேப்டாப் இரண்டிலும் இணைந்துள்ளது, ஆனால் இணையம் இல்லை என்றே காட்டுகிறது. அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. சில சமயம் தானாக வருகிறது, அப்புறம் போய்விடுகிறது. நாளை காலை 9 மணிக்கு ஆன்லைனில் நேர்காணல். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மீனா_ஃபீனிக்ஸ் | 6.52
எந்த ஏரியா? எந்தப் பெட்டி? எந்த சிம்? சிக்னல் ஃபுல் என்பது ஃபோனில் தெரியும் வைஃபை கோடுகளா, பெட்டியின் திரையில் தெரியும் டவர் கோடுகளா? முதலாவது என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெட்டி உங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

லெனேசியா_சங்கர் | 7.01
கரண்ட் போயிருக்கும். டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதையும் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) அட்டவணையைப் பாருங்கள்.

செந்தில்_மியர்பேங்க் | 7.05
சங்கர் அண்ணா, 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் எங்கே பெரிதாக இருந்தது? நீங்கள் இன்னும் மின்வெட்டு கடுமையாக இருந்த ஸ்டேஜ் 6 காலத்திலேயே இருக்கிறீர்கள். டவருக்குக் கரண்ட் போனால் கோடுகளும்தானே போகும்?

லெனேசியா_சங்கர் | 7.08
டர்பனில் லோட்ஷெடிங் இல்லாமலேயே கரண்ட் போகும் தம்பி. கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று ஏதாவது ஒன்று. பக்கத்து டவர் விழுந்தால் தூரத்து டவரைப் பிடிக்கும், கோடு இருக்கும், வேகம் இருக்காது. என் சந்தேகம் அதில்தான்.

ஆண்டெனா_அண்ணன் | 7.15
உதவி கேட்பவர்கள் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று ஒரு பதிவு எழுதி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருவரும் படிப்பதில்லை. சரி, நானே ஊகிக்கிறேன். இது ஊரிலிருந்து சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்த மைஃபை. அங்கே இலவசமாகக் கொடுக்கும் கருவிகள் பலவும் ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டவை. அலைவரிசையும் பொருந்த வேண்டும். இங்கே பழைய 900, 1800, 2100 தவிர, 2022 மார்ச் ஏலத்தில் 700, 800, 2600, 3500 மெகாஹெர்ட்ஸும் போயிருக்கின்றன. பழைய பெட்டிக்கு இதில் பாதி தெரியாது. மாடல் எண் என்ன?

புதுவரவு_டர்பன் | 7.31
மன்னிக்கவும், வீட்டுக்கார ஆண்ட்டியின் வைஃபையில் எழுதுகிறேன், 9 மணிக்கு அணைத்துவிடுவார்கள். நான் இருப்பது சாட்ஸ்வர்த்தில், ஒரு அவுட்பில்டிங்கில் (வீட்டை ஒட்டித் தனியாகக் கட்டிய அறை). பெட்டி ஊரிலிருந்து வந்ததில்லை, போன மாதம் இங்கேதான் வாங்கினேன். கடையிலேயே சிம் போட்டு, பாஸ்போர்ட், முகவரி எல்லாம் வாங்கி ரிக்கா பதிவும் (சிம்மை நம் பெயரில் பதியும் சட்டப் பதிவு) செய்து கொடுத்தார்கள். பெட்டித் திரையில் நான்கில் மூன்று கோடு. நெட்வொர்க் பெரிய இரண்டில் ஒன்று. பேலன்ஸ் 8 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. வேறென்ன வேண்டும்?

ஆண்டெனா_அண்ணன் | 7.34
மாடல் எண். ஏபிஎன்.

புதுவரவு_டர்பன் | 7.36
ஏபிஎன் என்றால்?

ஆண்டெனா_அண்ணன் | 7.40
சிம்மிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசலின் பெயர். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒன்று உண்டு. அது தவறாக இருந்தால் டவர் பிடிக்கும், கோடு காட்டும், நெட் வராது. உங்கள் கதையேதான். பிரவுசரில் 192.168.8.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். எந்த எண் என்பது பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

மீனா_ஃபீனிக்ஸ் | 7.44
ஏபிஎன் தவறு என்றால் எப்போதுமே வராதே அண்ணா. இவர் சில சமயம் வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

ஆண்டெனா_அண்ணன் | 7.46
சில சமயம் என்பது ஒரு விவரமா? நான் இந்த வேலையில் எத்தனை வருடம் என்று உங்களுக்குத் தெரியாது.

டோங்காட்_தாத்தா | 7.50
தம்பி, சாட்ஸ்வர்த் முழுக்க மேடும் பள்ளமும்தான். ஒரு பக்கம் உம்லாட்டுசானா ஆறு, மறுபக்கம் உம்லாஸ் ஆறு, நடுவே குன்றுகள். மேட்டு வீட்டில் பறக்கும், கீழ்த்தெருவில் ஒன்றும் இருக்காது. அவுட்பில்டிங் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால், சரிவில்தான் கட்டியிருப்பார்கள். பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்துப் பார். வெயில் படாமல் வை. டிசம்பர் வெயிலில் சார்ஜரோடு கிடந்தால் பேட்டரி வீங்கிவிடும், என்னுடையது அப்படித்தான் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கஸ்டமர் கேருக்குப் பேசினாயா?

புதுவரவு_டர்பன் | 7.55
ஜன்னலில்தான் இருக்கிறது தாத்தா. ஃபோனில் இருப்பது வேறு சிம், அதில் ஏர்டைம், அதாவது ரீசார்ஜ் பணம், சுத்தமாக இல்லை. நண்பனை அழைத்துக் கேட்கக்கூட வழியில்லை.

டோங்காட்_தாத்தா | 7.58
ஏர்டைம் இல்லாவிட்டால் என்ன? நண்பனுக்கு ஒரு பிளீஸ் கால் மீ அனுப்பு. 'என்னைக் கூப்பிடு' என்று அவனுக்கு மெசேஜ் போகும், அது இலவசம்.

செந்தில்_மியர்பேங்க் | 8.01
நம் ஊராக இருந்தால் ஒரு மிஸ்டு கால் போதும். இதற்கெல்லாம் தனியாக ஒரு சேவை, அதற்கு ஒரு கோர்ட் கேஸ் வேறு!

டோங்காட்_தாத்தா | 8.06
மிஸ்டு கால் கொடுக்கவும் கொஞ்சம் ஏர்டைம் வேண்டுமே தம்பி, பூஜ்யத்தில் மணி அடிக்காது. கேஸைப் பற்றிக் கேலி வேண்டாம். மகாட்டே என்ற பையன் வோடகாம் ஃபோன் கம்பெனியில் வேலை பார்த்தபோது சொன்ன யோசனை. அதற்குரிய பணத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தான். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றமே அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஆண்டெனா_அண்ணன் | 8.09
போட்டிக் கம்பெனியான எம்டிஎன்காரர்களும் அதே 2001-இல் இதே சேவையைத் தொடங்கினார்கள். யோசனை யாருடையது என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. பாதிக் கதையைச் சொல்லக் கூடாது.

டோங்காட்_தாத்தா | 8.12
வழக்கு, வோடகாம் அவனுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியது. உலகத்தில் முதலில் யோசித்தது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

லெனேசியா_சங்கர் | 8.14
ஊரில் மிஸ்டு காலுக்கு ஒரு தனி இலக்கணமே இருந்தது. ஒரு மணி என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் வாசலுக்கு வா. அந்த வசதி பிளீஸ் கால் மீயில் உண்டா?

மீனா_ஃபீனிக்ஸ் | 8.17
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு 9 மணி வரைதான் நேரம். தம்பி, ஒரே ஒரு கேள்வி. கடைசியாக நெட் நன்றாக வந்தது எப்போது? மணி சொல்லுங்கள்.

புதுவரவு_டர்பன் | 8.20
நேற்று இரவு அம்மாவோடு வீடியோ கால் பேசினேன் அக்கா, ஒரு தடங்கலும் இல்லை. மார்கழி பிறந்துவிட்டதால் அம்மா 4 மணிக்கே எழுந்து கோலம் போடுவார், அப்போதுதான் பேசுவோம். இங்கே 12.30 இருக்கும். காலையில் எழுந்தால் நெட் இல்லை. முந்தின நாளும் அப்படித்தான்.

மீனா_ஃபீனிக்ஸ் | 8.23
வாங்கிய டேட்டா பண்டில், அதாவது பேக், 10+10 மாதிரி இரண்டு எண் போட்டதா?

புதுவரவு_டர்பன் | 8.24
ஆமாம். 20 ஜிபி, 30 நாள். 10+10 என்றுதான் எழுதியிருந்தது. மலிவாக இருந்தது.

மீனா_ஃபீனிக்ஸ் | 8.29
அதுதான் விஷயம். முதல் 10 எப்போது வேண்டுமானாலும் பயன்படும். இரண்டாவது 10 இரவு டேட்டா, பெரும்பாலும் நள்ளிரவு 12 முதல் 5 வரைதான் ஓடும், சில நெட்வொர்க்கில் 7 வரை. பகல் பங்கு தீர்ந்திருக்கும், உங்களுக்கு மிச்சம் காட்டும் 8 ஜிபி இரவுப் பங்காக இருக்கும். ஆப்பில் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் அதன் மேல் தொட்டால் பிரித்துக் காட்டும்.

தீர்ந்தபோது சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்லியிருப்பார்கள். 50, 80, 100 சதவீதத்தில் தகவல் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான இக்காசாவின் விதி 2019-இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்த எஸ்எம்எஸ் போவது சிம்முக்கு, சிம் இருப்பது பெட்டிக்குள். ஃபோனில் என்றால் டிங் என்று அடிக்கும், பெட்டியில் யார் பார்ப்பது? ஆண்டெனா அண்ணன் சொன்ன 192.168 பக்கத்தைத் திறந்து மெசேஜ் பகுதியைப் பாருங்கள், வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

முன்பெல்லாம் பண்டில் தீர்ந்தால் ஏர்டைமிலிருந்து கண்டபடி வெட்டிக்கொள்வார்கள், நெட் ஓடிக்கொண்டே இருக்கும். அதே விதி அதையும் நிறுத்திவிட்டது, நாமாகச் சம்மதம் சொன்னால்தான் வெட்டலாம். அதனால் இப்போது சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு நாள் பண்டில் 1 ஜிபி போதும். வாங்கும்போது ஃபோன் சிம்முக்குப் போட்டுவிடாதீர்கள், பெட்டியில் இருக்கும் எண்ணுக்குப் போட வேண்டும்.

செந்தில்_மியர்பேங்க் | 8.33
அக்கா, ஒரு வணக்கம்.

ஆண்டெனா_அண்ணன் | 8.36
சாத்தியம்தான். நானும் பேலன்ஸைப் பிரித்துப் பார்க்கச் சொல்லவிருந்தேன். ஆனாலும் ஏபிஎன்னை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

லெனேசியா_சங்கர் | 8.38
சாட்ஸ்வர்த்தில் இன்று கரண்ட் போனதா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

புதுவரவு_டர்பன் | டிசம்பர் 19, பிற்பகல் 1.10
பகல் 0, இரவு 8.3. பெட்டியில் ஐந்து மெசேஜ் படிக்காமல் கிடந்தது, 100 சதவீதம் தீர்ந்தது என்று ஞாயிறே வந்திருக்கிறது. ஆண்ட்டி தன் ஃபோனிலிருந்து 1 ஜிபி வாங்கிப் போட்டுக் கொடுத்தார். நேர்காணல் முடிந்தது. மீனா அக்காவுக்கு நன்றி. வெளியே கிளம்புகிறேன்.

மீனா_ஃபீனிக்ஸ் | 1.25
நல்லது. மிச்சமிருக்கும் இரவு டேட்டாவை வீணாக்காதீர்கள். ஃபோன் அப்டேட், லேப்டாப் அப்டேட், படங்களின் பேக்கப், பார்க்க வேண்டிய வீடியோ எல்லாவற்றையும் 12 மணிக்கு மேல் இறங்கும்படி வைத்துவிட்டுத் தூங்குங்கள். பகலில் லேப்டாப் தானாக அப்டேட் ஆகாதபடி நிறுத்தி வையுங்கள், முதல் 10 ஜிபியை அதுதான் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

டோங்காட்_தாத்தா | 2.02
வேலை கிடைத்ததா என்று சொல்லாமல் போய்விட்டானே.

செந்தில்_மியர்பேங்க் | 2.10
தாத்தா, ஒரு பிளீஸ் கால் மீ அனுப்பிப் பாருங்கள்.