நுவார் கதைகளில், அதாவது இருண்ட குற்றக் கதைகளில், உங்களை இன்னும் விடாத கட்டம் எது?

திண்ணைவாசி:
டோரதி ஹியூஸின் ‘இன் எ லோன்லி பிளேஸ்’ (1947). ராத்திரி பஸ்ஸில் மொபைலில் ஆரம்பித்தேன். கடலோரம், மூடுபனி, ஒருவன் நிற்கிறான். பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி நடக்கிறாள், இவன் பின்னாலேயே போகிறான். வர்ணனை அவ்வளவு சுகமாக இருந்ததில் நானும் கூடவே நடந்துவிட்டேன். அவள் நடையை எட்டிப் போட்டபோதுதான் உறைத்தது, யாரோடு சேர்ந்து நடக்கிறேன் என்று. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. என் ஸ்டாப்பில் என்னோடு ஒரு பெண்ணும் இறங்கினாள். அவள் தெரு திரும்பும்வரை நான் டீக்கடையிலேயே நின்றேன்.

கிளெய்ம் குமாஸ்தா:
அதன் படத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள். 1950இல் வந்தது. நாயகனாக நடித்த ஹம்ப்ரி போகார்ட்டை நிரபராதியாக்கிவிட்டார்கள், நாவலின் உயிரே போச்சு.

என் கட்டம், ‘டபுள் இண்டெம்னிட்டி’ படத்தில் (1944). மனைவியும் அவள் காதலனும் சேர்ந்து புருஷனைக் கொன்று, பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டாயிற்று. ரயில் விபத்தென்றால் இன்சூரன்ஸ் பணம் இரட்டிப்பு. இருவரும் காரில் ஏறுகிறார்கள், கார் கிளம்ப மாட்டேன் என்கிறது. “கிளம்பு, கிளம்பு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் அம்மா, “யாருக்குடா வேண்டிக்கிறே?” என்றாள். நான் பார்ப்பதோ இன்சூரன்ஸ் கிளெய்ம் வேலை!

பழைய பேப்பர்:
போகார்ட் விஷயத்தில் ஒப்பமாட்டேன். கொலை செய்யாதவனிடமும் அந்த வெறி இருக்கிறது, அதைப் பார்த்துதான் அவன் காதலி மிரள்கிறாள். எனக்கு அது நாவலைவிடப் பயம்.

சரி, என் கதை. ‘பேன்டம் லேடி’, 1942, வில்லியம் ஐரிஷ் என்ற பெயரில் கார்னெல் உல்ரிச் எழுதியது. திருவல்லிக்கேணியில் பழைய பிரதி வாங்கினேன். மனைவியைக் கொன்றதாகத் தீர்ப்பான நாயகனின் மரண தண்டனைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதுதான் அத்தியாயத் தலைப்பே. மனைவி செத்துக் கிடந்த நேரத்தில் அவன் ஒரு பெண்ணோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். பார்க்காரன், டாக்சிக்காரன், எல்லோரும் “தனியாகத்தானே வந்தீர்கள்” என்கிறார்கள். அவனுக்கே அவள் முகம் ஞாபகமில்லை, ஆரஞ்சுத் தொப்பி மட்டும்தான். புத்தகத்தை மூடிவிட்டு, அன்று காலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தை யோசித்தேன். வரவே இல்லை. அதைவிடக் கொடுமை, என் பிரதியில் கடைசி இருபது பக்கம் கிடையாது.

நூலகத் தூசி:
எல்லோரும் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறீர்கள். முதலில் ஜேம்ஸ் எம். கெய்ன், 1934இல் வந்த ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடியும். அப்புறம் டாஷியல் ஹாம்மெட். ரேமண்ட் சாண்ட்லரிடம் மட்டும் முடிச்சைத் தேடாதீர்கள். ‘பிக் ஸ்லீப்’பில் டிரைவர் எப்படிச் செத்தான் என்பது கடைசிவரை தெளியாது, அவரை வாக்கியத்துக்காகப் படிக்க வேண்டும். ஜிம் தாம்ஸனின் ‘தி கில்லர் இன்சைட் மீ’ (1952) கடைசியில், அதுவும் பகலில். கொலைகாரன் ஊர் போலீஸ்காரனே, அவன்தான் நமக்குக் கதை சொல்கிறான். இரண்டு புத்தகத்துக்கு நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். பென்சிலால் கோடு போடாதீர்கள். என் அனுபவமா? தாம்ஸனை ராத்திரியில் படித்தேன், அவ்வளவுதான்.

பழைய பேப்பர் அவர்களே, அந்தக் கடைசி இருபது பக்கத்தில் என்னவென்றால்,

பழைய பேப்பர்:
ஐயா, நிறுத்துங்கள். வேறு பிரதி இணையத்தில் கிடைக்கும், தெரியும். எட்டு வருஷமாக வேண்டுமென்றேதான் வாங்காமல் இருக்கிறேன்.