618 என்றால் எத்தனைக்கு? டிஓ படித்தவர்களே, உங்கள் மேட்ச் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உள்மருத்துவ ரெசிடென்ட், மூன்றாம் ஆண்டு:

2022 நவம்பர், ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் துறைப் பயிற்சி) இடத்துக்கான ஜூம் நேர்முகம். எதிரே இருந்த மருத்துவர் நல்ல மனிதர், சிரித்த முகம். என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் காம்லெக்ஸ் தேர்வு மதிப்பெண்ணில் நின்றார். "லெவல் 2வில் 618 என்று போட்டிருக்கிறதே, இது எத்தனைக்கு?"

999 வரை போகும், 400 வாங்கினால் தேர்ச்சி, சராசரி 500ஐக் கொஞ்சம் தாண்டி இருக்கும் என்று சொன்னேன். "அப்போ நல்ல மதிப்பெண்தான், இல்லையா?" என்று என்னிடமே கேட்டார். 352 கேள்விகளோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி வாங்கிய மதிப்பெண்ணுக்கு நானே வக்காலத்து வாங்க வேண்டியிருந்தது. அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ஸ்டெப் எழுதவில்லையா?"

பெற்றோர் யாராவது படிக்கலாம் என்பதால் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மருத்துவராக இரண்டு பட்டங்கள் உண்டு, எம்டி, டிஓ. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வந்தது இரண்டாவது. மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எல்லா உரிமையும் ஒன்றுதான். கையால் உடலைத் தொட்டுச் செய்யும் ஓஎம்எம் சிகிச்சையை நாங்கள் கூடுதலாகப் படிக்கிறோம். ஊரில் என் சித்தி இன்னமும் "ஆஸ்டியோன்னா எலும்புதானே, புத்தூர்க் கட்டு மாதிரியா?" என்றுதான் கேட்கிறார். முதலில் திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எம்டி மாணவர்களுக்கு யுஎஸ்எம்எல்இ, அதாவது ஸ்டெப் தேர்வுகள். எங்களுக்குக் காம்லெக்ஸ். அதன் லெவல் 1, லெவல் 2 தேறாமல் பட்டமே கிடையாது. முன்பு டிஓக்களுக்குத் தனி ரெசிடென்சிகள், தனி மேட்ச் (மாணவர், மருத்துவமனை இரு பக்கத்து விருப்பப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்குவது) இருந்தன. 2015ல் தொடங்கிய இணைப்பு 2020ல் முடிந்து எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டோம். வரிசையை இணைத்தவர்கள் தேர்வை இணைக்கவில்லை. ஆகவே இரண்டு தேர்வையும் எழுதுவதா என்ற தலைவலி மாணவனுக்கு. 2022 ஜனவரியில் ஸ்டெப் 1, மே மாதம் லெவல் 1 இரண்டுமே வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டன. லெவல் 1ல் எண் வாங்கிய கடைசிக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

கல்லூரியில் வழிகாட்டியாக இருந்தவர் "காம்லெக்ஸ் போதும், வீணாக இரண்டு தேர்வு எழுதி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே" என்றார். நம்பினேன். பல்கலைக்கழகம் சாராத சமூக மருத்துவமனைகளிலிருந்து போதுமான நேர்முக அழைப்புகள் வந்தன. இருபது பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குப் போட்டதில் இரண்டே அழைப்பு. என்னைவிடக் குறைந்த காம்லெக்ஸ் மதிப்பெண்ணோடு ஸ்டெப்பும் எழுதிய வகுப்புத் தோழனுக்கு ஏழு. ஆராய்ச்சி, பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். என் பட்டியலில் மூன்றாவதாக இருந்த இடம் கிடைத்தது, பிடித்தும் போய்விட்டது. ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: பல இடங்களில் என் 618ஐ யாரும் குறைவு என்று நினைக்கவில்லை. பக்கத்தில் ஸ்டெப் மதிப்பெண்ணுக்கான கட்டம் காலியாக இருந்ததால் 618 வரைக்கும் வந்து பார்க்கவே இல்லை.

உங்களுக்கு எப்படிப் போயிற்று? கல்லூரி, மருத்துவமனைப் பெயர்கள் வேண்டாம்.

குடும்ப மருத்துவம், இரண்டாம் ஆண்டு:

எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன். எல்லோரும் பயமுறுத்திக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

லெவல் 1 முதல் முறை போய்விட்டது. ஆமாம், ஃபெயில். இரண்டாம் முறை தேறினேன். லெவல் 2வில் 480களில் ஓர் எண். ஸ்டெப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் இப்போது இருக்கும் இடம் பழைய டிஓ ரெசிடென்சி. டைரக்டர் டிஓ, ரெசிடென்ட்களில் பாதிப் பேர் டிஓ. நான்காம் ஆண்டில் இங்கேதான் ஒரு மாதம் ரொட்டேஷன் (மாணவராக வேலை பார்த்துப் பழகுவது) வந்தேன். மூன்றாம் நாளே ஓர் அட்டெண்டிங், அதாவது மூத்த மருத்துவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஓஎம்எம் மறக்காமல் இருக்கிறதா?" என்று கேட்டார். மதிய இடைவேளையில் பரிசோதனை மேசையில் படுக்கவைத்துச் செய்துவிட்டேன். நேர்முகத்தில் லெவல் 1 ஃபெயிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அப்பா மருத்துவமனையில் இருந்தார், படிப்பைத் தள்ளிப்போடத் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குமேல் அந்தப் பேச்சே எழவில்லை.

மேலே எழுதிய அண்ணன் பல்கலைக்கழக மருத்துவமனையைக் கேட்டார், நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மயக்க மருந்தியல், முதலாம் ஆண்டு:

நான் நடுவழி. ஸ்டெப் 1 எழுதவில்லை, நேராக ஸ்டெப் 2. இப்படி எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இரண்டையும் எந்த வரிசையிலும் எழுத அனுமதி உண்டு, ஸ்டெப் 3க்குத்தான் முதல் இரண்டும் வேண்டும்.

2024 ஜூனில் ஸ்டெப் 2, ஒன்பது நாள் கழித்து லெவல் 2. அந்த ஒன்பது நாளும் ஓஎம்எம் மட்டும். குடல்வாலுக்கான சாப்மன் புள்ளி (தொட்டுப் பார்க்கும் இடம்) வலது பன்னிரண்டாம் விலா நுனியில், இதயத்துக்கு முதுகெலும்பின் டி1 முதல் டி5 வரை, சேக்ரம் என்ற இடுப்பெலும்பு எந்தப் பக்கம் திரும்பினால் எந்தக் காலை மடக்க வேண்டும்... ஸ்டெப்பில் இதெல்லாம் ஒரு வரிகூட வராது. ஸ்டெப்பின் கேள்வி நீளமாக இருந்தாலும் என்ன கேட்கிறான் என்பது புரியும். காம்லெக்ஸில் சில கேள்விகளைப் படித்து முடித்த பிறகும் பாதிப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

காசையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் அப்போது ஏறக்குறைய 700 டாலர். கேள்வி வங்கிச் சந்தா தனி, ஸ்டெப்புக்கு யூவேர்ல்ட், காம்லெக்ஸுக்கு இன்னொன்று. கடனில் படிக்கிறவனுக்கு இதுவும் கடன்தான்.

ஸ்டெப் 2வில் 251, லெவல் 2வில் 590. அழைப்புகள் நன்றாகவே வந்தன. ஓர் இடத்திலிருந்து மட்டும் ஒருங்கிணைப்பாளர் மின்னஞ்சல் அனுப்பினார்: "ஸ்டெப் 1ம் இருந்தால்தான் பரிசீலிப்போம்." நான் லெவல் 1 தேறியிருக்கிறேன், இரண்டுமே பாஸ், ஃபெயில் தேர்வுகள்தானே என்று பணிவாக எழுதினேன். "எங்கள் விதி அப்படி" என்று பதில். விதியாம்! சில இடங்களுக்கு மட்டும் காட்ட முடிந்த விருப்பக் குறியான சிக்னல் ஒன்றையும் அங்கே செலவழித்திருந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு இடத்துக்கும் எழுதிக் கேட்டுவிடுங்கள். இணையப் பக்கத்தில் போட்டிருப்பது பல இடங்களில் பழைய தகவல்.

அவசர மருத்துவம், இரண்டாம் ஆண்டு:

இதுவரை யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். நான் ஸ்டெப் 1ல் ஃபெயில்.

2022 கோடை. அந்தத் தேர்வு பாஸ், ஃபெயில் ஆன முதல் ஆண்டு. "இனிமேல் எண் கிடையாது, தேறினால் போதும், எழுதிவிடு" என்று எல்லோரும் சொன்னார்கள். மாதிரித் தேர்வில் எல்லைக் கோட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தும் உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்து லெவல் 1. ஸ்டெப் முடிவுகள் புதன்கிழமை வரும். அந்தப் புதன்கிழமை வீட்டில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் பார்த்தேன், தட்டைக் கழுவி வைத்தேன், மாடிக்குப் போய்விட்டேன். "இன்னும் வரவில்லை" என்றே இரண்டு வாரம் சொன்னேன். லெவல் 1 பாஸ் என்று வந்த அன்றைக்குத்தான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அப்பாவுக்குப் புரியவே இல்லை. "ஒரே பாடம்தானே, ஒன்றில் பாஸ், ஒன்றில் ஃபெயிலா?" நியாயமான கேள்விதான்.

ஸ்டெப்பை மறுபடி எழுதி, ஸ்டெப் 2வும் நன்றாக எழுதிக் கறையைத் துடைப்பதா, இல்லை அந்தப் பக்கமே போகாமல் காம்லெக்ஸோடு நிற்பதா? ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் இணையத் தளமான எராஸில் டிஓ மாணவர் யுஎஸ்எம்எல்இ மதிப்பெண் பட்டியலை அனுப்பாமலே இருக்கலாம். ஆனால் அனுப்பினால் எல்லா முயற்சியும் அதில் வரும். ஸ்டெப் 2வை மட்டும் காட்டி ஸ்டெப் 1ஐ மறைக்க வழியில்லை. ஆகவே ஒரு ஃபெயில் என் ஸ்டெப் 2 வாய்ப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது. காம்லெக்ஸோடு நின்றேன். லெவல் 2வில் 560.

பெரும்பாலான இடங்களில் யாரும் கேட்கவில்லை. ஓர் இடத்தில் கேட்டார்கள். "யுஎஸ்எம்எல்இ ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?" இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "எழுதினேன், ஸ்டெப் 1 தேறவில்லை, அதே மாதம் லெவல் 1 தேறினேன்" என்றேன். அந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டு, "சரி, இரவு ஷிஃப்டில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த இடம் என் பட்டியலில் இரண்டாவது. 2024 மார்ச்சில் கிடைத்தது முதலாவது. ஆகவே அந்தப் பதில் எனக்குக் கெடுதல் செய்ததா இல்லையா என்பது கடைசி வரை தெரியாது.

ஸ்டெப் எழுதுவது நல்லது என்று சொல்பவர்கள் "தேறினால்" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தலைமை ரெசிடென்ட், உள்மருத்துவம் (எம்டி):

நான் மேசையின் அந்தப் பக்கம். விண்ணப்பங்களைச் சலிக்கும் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன், நடப்பதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு இடம், ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம். எல்லாவற்றையும் மனிதர்கள் படிப்பதில்லை. செப்டம்பர் கடைசியில் எராஸ் திறந்ததும் வடிகட்டி போடுவோம். ஸ்டெப் 2 கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்டினால் அதற்கு மேல் இருப்பவர்கள் மட்டும் திரையில் வருவார்கள். காம்லெக்ஸ் மட்டும் எழுதியவருக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றுமில்லை. 700 வாங்கியிருந்தாலும் வரமாட்டார். அவரை யாரும் நிராகரிக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. முதல் ஆண்டு எனக்கு இது உறைக்கவே இல்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, டிஓ படித்த என் சக ரெசிடென்ட், "காம்லெக்ஸுக்குத் தனி வடிகட்டி இருக்கிறதே, போட்டீர்களா?" என்று கேட்டார். போடவில்லை. போட்டதும் நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத கோப்புகள் வந்து நின்றன. அப்புறம் அடுத்த சண்டை: எந்த எண்ணில் நிறுத்துவது? காம்லெக்ஸை ஸ்டெப்பாக மாற்றும் வாய்பாடுகள் சிலரிடம் உண்டு, எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. இரண்டும் வேறு தேர்வு, எழுதும் கூட்டமும் வேறு. காம்லெக்ஸ் நடத்தும் என்பிஓஎம்இ, பெர்சென்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட மேல் என்பது) கணக்கிடும் பக்கம் வைத்திருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தினோம். குழுவில் மூத்தவர் ஒருவர் மட்டும் "எனக்கு ஸ்டெப்தான் புரியும்" என்று கடைசிவரை பிடிவாதம். அமெரிக்க மருத்துவர் சங்கம் இரண்டு தேர்வையும் சமமாகப் பாருங்கள் என்கிறது. 2023ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதற்காக ஃபேர் என்ற மசோதாவே அறிமுகமானது. அவருக்கு எதுவும் ஏறவில்லை.

எங்களிடம் ஒரு மாதம் ரொட்டேஷன் செய்துவிட்டுப் போன மாணவருக்கு மட்டும் இந்த வடிகட்டி பொருந்தாது. பெயர் தெரிந்த ஆளை நாங்களே தேடி எடுத்துவிடுவோம்.

டிஓ இரண்டாம் ஆண்டு மாணவி:

எல்லாவற்றையும் படித்துவிட்டேன், தலை சுற்றுகிறது. எனக்குத் தோல் மருத்துவம் ஆசை, உள்மருத்துவமும் பிடிக்கும். எழுத வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணா.

உள்மருத்துவ ரெசிடென்ட், மூன்றாம் ஆண்டு:

ஒரே வார்த்தையில் முடியாது தங்கச்சி. 2024 மேட்சில் டிஓ இறுதியாண்டு மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, எம்டிக்களில் 93.5. இதைப் பார்த்து வித்தியாசமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். இடம் கிடைத்தது என்பது மட்டும்தான் அந்த எண்ணில் இருக்கிறது. எந்தத் துறை, எந்த ஊர், பட்டியலில் எத்தனையாவது என்பதெல்லாம் இல்லை. தோல் மருத்துவம் ஆசை என்றால் ஸ்டெப் 2 இல்லாமல் போகாதே. உள்மருத்துவத்தில் பல்கலைக்கழகம் வேண்டுமென்றாலும் அதேதான். ஸ்டெப் 2வின் தேர்ச்சி எண்ணையும் 2025 ஜூலையில் 214லிருந்து 218 ஆக்கிவிட்டார்கள், நினைவில் வை.

ஸ்டெப் 1க்கு இப்போதே தேதி போடாதே. முதலில் ஸ்டெப்புக்கான என்பிஎம்இ மாதிரித் தேர்வு ஒன்றை எழுது. எல்லைக் கோட்டில் நின்றால் அவசர மருத்துவத் தம்பி எழுதியதை இன்னொரு முறை படி. தாராளமாகத் தாண்டினால் எழுது. யூவேர்ல்ட் எவ்வளவு முடித்திருக்கிறாய்?

டிஓ இரண்டாம் ஆண்டு மாணவி:

31 சதவீதம். போகிறேன் அண்ணா.