கோஹா நூலக மென்பொருளை நிறுவும்போது எங்கே மாட்டினீர்கள்?

ஏட்டுப்புழு:
ரொம்ப நாளாக மனதை அரிக்கிறது. எங்கள் கல்லூரி நூலகர் அக்கா உபுண்டு லினக்ஸில் கோஹா போட உட்கார்ந்தார். நிர்வாகி உரிமையோடு ஓட்டுகிற முதல் சூடோ கட்டளையே கடவுச்சொல் கேட்டது, இவர் அடிக்கிறார், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். அப்புறம் அட்டெண்டரைக் கூப்பிட்டு அடுத்த மேசைக் கீபோர்டைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். நூல் விவரங்களைப் பதியும் மார்க் 21 வடிவத்தில் தலைப்புக்கான 245-ஆம் புலத்தை எப்படிப் பிரிப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று எழுந்து போய்விட்டார். 'அடிப்பது திரையில் தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்' என்று கையேட்டில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

கருந்திரை:
அதைக் கோஹா தலையில் கட்டாதீர்கள், அது உபுண்டு செய்த வேலை. லினக்ஸ் மின்டில் நட்சத்திரக் குறி வரும். கையேட்டைத் திட்ட வேறு காரணம் இருக்கிறது. ஒரு பயிலரங்கில் கொடுத்த வேர்டு கோப்பிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டிய அத்தனை பேருக்கும் பிழை. இரண்டு சிறுகோடு இருக்க வேண்டிய இடத்தில் வேர்டு ஒரே நீளக் கோடாக மாற்றி வைத்திருந்தது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பயிற்சி கொடுத்தவர் மதியம் வரை "நெட் ஸ்லோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய_பதிவேடு:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். எல்லாம் முடிந்தும் 8080 போர்ட்டில் கோஹா பக்கம் திறக்கவில்லை, அப்பாச்சி வெப் சர்வரின் போர்ட் கோப்பில் 'லிசன் 8080' சேர்க்கச் சொல்லி யாரும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆயத்தமாகக் கிடைக்கும் டெபியன் தொகுப்பாகவே போடுங்கள், மூல நிரலை இறக்கிப் போடப் போனால் அதற்கு வேண்டிய பெர்ல் மாட்யூல்களைத் தேடியே பொழுது போய்விடும். அடுத்து உலாவியில் திறக்கும் வெப் இன்ஸ்டாலர் கேட்பது உங்கள் கணினியின் கடவுச்சொல் இல்லை, கோஹா தானே உருவாக்கிக்கொண்ட தரவுத்தளக் கணக்கு, அது கோஹாவின் கான்ஃப் என்கிற அமைப்புக் கோப்பில் இருக்கும். புத்தகத்தைச் சேர்த்தும் தேடலில் வரவில்லையா, தேடலுக்கு அட்டவணை போடும் ஸீப்ரா இன்டெக்ஸர் ஓடுகிறதா பாருங்கள். தினசரி பேக்கப் அதே கணினியில்தான் விழும், அந்த ஹார்டு டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும், வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பதிவு வடிவம் மார்க் 21-ஆ, வேறு சில நாடுகளில் புழங்கும் யூனிமார்க்கா என்று கேட்கும்போது மட்டும் தயவுசெய்து நின்று படியுங்கள், பிறகு மாற்றுவது லேசில்லை.

கருந்திரை:
சார், இந்தியாவில் யூனிமார்க்கை யார் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்?

பழைய_பதிவேடு:
தேர்ந்தெடுத்திருந்தார்கள். புத்தகமெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.